மைனஸ் 142 வந்தால் கையேடு கூடாதா?

ஒட்டுசுட்டான் கமக்காரருக்கு எழுதிய வோட்டர் பம்ப் கையேட்டை, வாசிக்க எவ்வளவு சுலபம் என்று அளக்கும் ஃபிளெஷ் சூத்திரத்தில் எக்செலில் போட்டு, மைனஸ் 142 வந்ததென்று கேட்டிருந்தீர்கள். எண் குறையக் குறைய வாசிக்கக் கஷ்டம் என்று அதன் கணக்கு. அந்த எண்ணை விட்டுவிடுங்கள்.

அந்தச் சூத்திரம் 1948இல் ஆங்கிலத்துக்கென்று செய்தது. வசனத்துக்குச் சராசரிச் சொற்களை 1.015ஆலும், சொல்லுக்குச் சராசரி அசைகளை 84.6ஆலும் பெருக்கி, இரண்டையும் 206.835இலிருந்து கழிக்கும். வசனத்துக்குப் 10 சொல், சொல்லுக்கு 4 அசை என்றாலே மைனஸ் 142தான். உங்கள் 'நிரப்பப்பட்டிருக்கிறதா' மட்டும் 9 அசை! விகுதி ஒட்ட ஒட்ட அசை கூடும். அதற்காகச் சொல் கடினமாகிவிடாது.

கையேடு விளங்குகிறதா என்று அளக்க வேண்டுமானால், வெற்றிடம் நிரப்பும் க்ளோஸ் சோதனை செய்யுங்கள். 250 சொல் அளவில் ஒரு பகுதி எடுத்து, முதல் வசனத்தை அப்படியே விட்டு, பிறகு ஒவ்வோர் ஐந்தாம் சொல்லையும் அழித்து ஒரே நீளக் கோடு போடுங்கள். கையேட்டை முன்பு பார்க்காத ஆட்கள் நிரப்பட்டும். எழுத்துப்பிழையைப் பார்க்க வேண்டாம். ஆங்கிலத்தில் 60 வீதத்துக்கு மேல் சரியாக நிரப்பினால் தனியே வாசித்து விளங்கும், 40க்குக் கீழ் என்றால் கஷ்டம் என்பார்கள். தமிழுக்கு அந்த எல்லைகளை நம்பாமல், பழைய பிரதியையும் திருத்தியதையும் ஒப்பிட மட்டும் பாவியுங்கள். ஒரே ஆளுக்கு இரண்டையும் கொடுத்தால் ஞாபகத்தில் நிரப்பிவிடுவார்.

உங்கள் உண்மையான சிக்கல் இந்த வசனம்: 'பம்பி நீரால் நிரப்பப்பட்டிருக்கிறதா என உறுதிப்படுத்தாது இயந்திரம் இயக்கப்படலாகாது.' யார் செய்வது, எது முதல் என்பதே தெரியவில்லை. 'முதலில் பம்புக்குள் தண்ணீர் நிரப்புங்கள். பிறகு எஞ்சினை ஸ்டார்ட் பண்ணுங்கள்' என்று மாற்றி, ஒருவரிடம் கொடுத்து, பம்படியில் அவர் எந்த வரியில் நிற்கிறார் என்று பாருங்கள்.