ஒரே கட்டிலைச் சுற்றி

அன்புள்ள ஐயா,

பனையேறிகளைப் பற்றிய உங்கள் கட்டுரையில், பனையிலிருந்து விழுந்த உங்கள் பெரியப்பாவின் முதுகெலும்பு முறிவை விடவும், பிறகு வந்த படுக்கைப்புண்தான் அவரை அதிகம் வதைத்தது என்று ஒரு வரி எழுதியிருந்தீர்கள். செவிலியர் கல்லூரி ஒன்றில் பல ஆண்டுகளாகக் கற்பிக்கும் எனக்கு அந்த வரியைக் கடந்து போக முடியவில்லை.

மாணவிகளை வார்டுக்கு அழைத்துச் செல்லும்போது ஒரே கட்டிலைச் சுற்றி மருத்துவ மாணவர்களும் பிசியோதெரபி மாணவர்களும் நிற்கிறார்கள். மூன்று தரப்பினரும் ஒரே நோயாளியிடம் அதே கேள்விகளைக் கேட்டு, தனித்தனி நோட்டில் எழுதிக்கொண்டு போகிறார்கள். தங்களுக்குள் ஒரு சொல்லும் பேசிக்கொள்வதில்லை. குழுவாகப் பணியாற்றுவது பற்றி நாங்கள் பாடம் நடத்துகிறோம், தேர்விலும் கேட்கிறோம். ஆனால் அது கற்பித்து வருவதுதானா? நல்ல மனமும் பணிவும் உள்ளவர்களுக்குத் தானாக அமைவது என்றே எனக்குத் தோன்றுகிறது. உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

ஒரு வாசகி, தக்கலை

அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு,

அந்த ஒரு வரிக்குப் பின்னால் இருந்ததை நான் கட்டுரையில் எழுதவில்லை. உங்கள் கேள்விக்கு அதிலிருந்துதான் பதில் சொல்ல முடியும்.

பெரியப்பாவுக்கு அறுவை சிகிச்சை செய்தவர் திறமையானவர், அன்பாகப் பேசுபவர். மூன்றாம் நாள் காலையில் உடம்பு துடைத்துவிட்ட இளம் செவிலியர், வால் எலும்புக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்திருப்பதையும், விரலால் அழுத்தினாலும் அந்தச் சிவப்பு வெளுக்காமல் இருப்பதையும் கண்டார். படுக்கைப்புண்ணின் முதல் நிலை அதுதான் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவர் அதைச் செவிலியர் குறிப்பேட்டில் முறையாக எழுதினார். ரவுண்ட்ஸ் வந்த மருத்துவர் தையலையும் காய்ச்சல் அட்டவணையையும் பார்த்துவிட்டு, நோயாளியை உட்கார வைக்கலாம் என்று கேஸ் ஷீட்டில் எழுதினார். பிற்பகலில் வந்த பிசியோதெரபிஸ்ட் அதைப் படித்து, பெரியப்பாவை நாற்காலியில் சாய்த்து இரண்டு மணி நேரம் உட்கார வைத்தார். இடுப்புக்குக் கீழே உணர்ச்சியில்லாதவர் சரிந்து உட்காரும்போது உடல் எடை விழுவது சரியாக அந்த இடத்தில்தான். ஆனால் சிவப்பைப் பற்றி அவரிடம் யாரும் சொல்லவில்லை, செவிலியர் குறிப்பேட்டைப் புரட்டும் வழக்கம் அவருக்கும் இல்லை.

பெரியம்மா மட்டும் இரண்டையும் சேர்த்துப் பார்த்தார். "நாற்காலியில இருந்திட்டு வந்தா செவப்பு கூடுதலாட்டு இருக்கு மக்களே" என்று அந்தச் செவிலியரிடம் சொன்னார். அந்தப் பெண் தயங்கி, "டாக்டர் வரும்போது நீங்களே சொல்லுங்கம்மா" என்றார். மறுநாள் மருத்துவர் வந்து, எப்படி இருக்கிறார் என்று கேட்டபோது பெரியம்மா, "சொகமாட்டு இருக்காரு சாரே" என்று சொல்லிவிட்டு ஒதுங்கி நின்றார். நான்கு நாள் கழித்துத் தோல் உடைந்தது. புண் ஆற ஏழு மாதம் ஆயிற்று. அந்த ஏழு மாதமும் பெரியப்பா பெரும்பாலும் குப்புறவே கிடந்தார்.

இதில் யாருக்கு நல்ல மனம் இல்லை என்று நான் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். அந்த மருத்துவரிடம் ஆணவம் இருந்ததில்லை, செவிலியர் பொறுப்பில்லாதவர் அல்லர், பிசியோதெரபிஸ்ட் தம் வேலையில் குறை வைக்கவில்லை. ஒவ்வொருவரும் தத்தம் பாடத்தின்படி சரியாகவே நடந்தார்கள். ஆகவே நல்ல மனமும் பணிவும் இருந்தால் போதும் என்ற உங்கள் எண்ணத்தை என்னால் ஏற்க முடியவில்லை. இன்னும் சொல்லப்போனால், அந்தச் செவிலியரின் வாயை அடைத்ததே நாம் பணிவு என்று சொல்லிக் கற்பித்ததுதான்.

முறையை மாற்றினால் என்ன நடக்கும் என்பதற்குச் சான்று இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2008இல் அறுவை அரங்குகளுக்காக 19 அம்சங்கள் கொண்ட ஒரு சரிபார்ப்புப் பட்டியலை வெளியிட்டது. கத்தி வைக்கும் முன் அரங்கில் உள்ள அனைவரும் தம் பெயரையும் பொறுப்பையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. ஒருமுறை குரல் கொடுத்தவர், தவறு நடக்கப்போவதைக் கண்டால் இரண்டாம் முறை குரல் கொடுக்கத் தயங்கமாட்டார் என்பதே அதன் காரணம். டெல்லி உட்பட எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் அதை நடைமுறைப்படுத்திப் பார்த்து 2009இல் வெளியிட்ட முடிவுகளின்படி, அறுவைக்குப் பிந்தைய இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகவும், பெரிய சிக்கல்கள் 11 சதவீதத்திலிருந்து 7 சதவீதமாகவும் குறைந்தன. அந்த மருத்துவமனைகளில் யாருடைய குணமும் சில மாதங்களில் மாறியிருக்காது. யார் எப்போது பேச வேண்டும் என்ற ஒழுங்குதான் மாறியது.

நம் குமரி மாவட்டத்தில் இதைச் சொல்வது சற்றுக் கடினம், ஏனென்றால் நாம் கைராசியை நம்புகிறவர்கள். நெய்யூரில் 1838இல் மிஷன் மருத்துவப் பணி தொடங்கிய நாளிலிருந்து நம் நினைவில் நிற்பவை தனித்தனி மருத்துவர்களின் பெயர்களே. 1922இல் எவரெஸ்ட் பயணத்துக்குப் பிறகு அங்கே வந்த ஆங்கிலேய அறுவை மருத்துவர் ஹோவர்ட் சோமர்வெல், நீண்ட வரிசையில் காத்திருந்த நோயாளிகளோடு ஒற்றை அறுவை மருத்துவர் போராடுவதைக் கண்டு அங்கேயே பணியாற்ற முடிவு செய்ததை நம் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். சொல்ல வேண்டிய கதைதான். ஆனால் அவர் அறுவை செய்த ஒவ்வொரு முறையும் கருவிகளைக் கொதிக்க வைத்தவர், மயக்க மருந்து கொடுத்தவர், இரவெல்லாம் கட்டிலருகே விழித்திருந்தவர் என்று சிலர் இருந்திருப்பார்கள். அவர்களை நாம் கதைக்குள் கொண்டுவரவே இல்லை. மருத்துவக் கல்லூரிக்குள் நுழையும் பிள்ளையும் அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த பிள்ளைதான். 2019இல் நடைமுறைக்கு வந்த மருத்துவப் பாடத்திட்டம், மருத்துவர் என்பவர் சிகிச்சைக் குழுவின் தலைவராகவும் உறுப்பினராகவும் இருக்க வேண்டும் என்று இரண்டையும் சேர்த்தே சொல்கிறது. தலைவர் என்ற சொல்லை எல்லாரும் படித்துவிடுகிறார்கள்.

குழு என்றால் எல்லாரும் எல்லாவற்றையும் முடிவு செய்வது என்றும் நான் சொல்லவில்லை. முடிவெடுக்கும் பொறுப்பு ஒருவருடையதாக இருக்கலாம், பல நேரங்களில் இருக்கத்தான் வேண்டும். கண்டவருடைய சொல் அந்த ஒருவரின் காதுக்குப் போய்ச் சேர வழி இருக்கிறதா என்பதே என் கேள்வி.

கல்விக்கு வருகிறேன். 2010இல் வெளியான உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி, இரண்டோ அதற்கு மேற்பட்டோ தொழிலைச் சேர்ந்த மாணவர்கள் ஒருவரைப் பற்றி ஒருவரும், ஒருவரிடமிருந்து ஒருவரும், ஒருவரோடு ஒருவரும் கற்பதையே கூட்டுக் கல்வி என்கிறது. நீங்கள் தேர்வில் கேட்கும் கேள்வி முதலாவதை மட்டுமே தொடுகிறது. எல்லாரையும் ஓர் அரங்கில் உட்கார வைத்துச் சொற்பொழிவு நடத்துவதாலும் மற்ற இரண்டும் வந்துவிடாது, மாணவர்கள் அங்கேயும் தனித்தனி வரிசையில்தான் உட்காருவார்கள். ஸ்வீடனில் லின்ஷோப்பிங் பல்கலைக்கழகம் 1996இலேயே, மருத்துவம், செவிலியம், பிசியோதெரபி உள்ளிட்ட துறைகளின் மாணவர்கள் ஆசிரியர் மேற்பார்வையில் சேர்ந்து நடத்தும் பயிற்சி வார்டைத் தொடங்கியது. நோயாளியை அவர்களே சேர்ந்து பார்த்துக்கொள்ள வேண்டியிருப்பதால் பேசாமல் இருக்க முடியாது.

அப்படி ஒரு வார்டுக்காக நீங்கள் காத்திருக்க வேண்டாம். வாரத்துக்கு ஒரு கட்டில் போதும். ஒரு மருத்துவ மாணவர், உங்கள் மாணவி ஒருவர், ஒரு பிசியோதெரபி மாணவர், கிடைத்தால் ஒரு பார்மசி மாணவர், இவர்கள் சேர்ந்து அரை மணி நேரம் அந்த நோயாளியைப் பார்க்கட்டும். ஆளுக்கொரு நோட்டு வேண்டாம், எல்லாருக்கும் ஒரே தாள். ஒருவர் கண்டதை மற்றவர் தம் வாயால் திரும்பச் சொன்ன பிறகே அது தாளில் ஏற வேண்டும். மருத்துவ மாணவர் உட்கார வைக்கலாம் என்று சொல்லும்போது உங்கள் மாணவி, "முதுகைப் பார்த்துவிட்டு எழுதலாம்" என்று சொல்லிப் பழகும் இடம் அதுதான். பத்தொன்பது வயதில் ஒரு சகமாணவரிடம் இதைச் சொல்லிப் பழகாதவர், இருபத்தைந்து வயதில் சீனியர் மருத்துவரிடம் சொல்வார் என்று நாம் எதிர்பார்க்க முடியாது.

அந்தத் தாளில், உடனிருப்பவர் சொன்னதை எழுதவும் ஓர் இடம் விடுங்கள். பெரியம்மாவுக்கு அந்தச் சிவப்பைப் பற்றித் தோல் உடைவதற்கு நான்கு நாள் முன்பே தெரியும்.

அன்புடன்