பதில்: பழைய ராக் பாட்டு இப்போது ஏன் காதைக் குடைகிறது?

கேசட்டில் கேட்டு வளர்ந்த 1970களின் ராக் ஆல்பங்களை இப்போது செயலியில் கேட்டால் பத்தே நிமிடத்தில் சலிப்பு வருகிறது, வயசாகிவிட்டதா என்று கேட்டிருந்தீர்கள். வயசு கொஞ்சம் காரணமாக இருக்கலாம். ஆனால் முதலில் ஆல்பம் பெயருக்குப் பக்கத்தில் 'ரீமாஸ்டர்' (பழைய பதிவின் ஒலியைப் புதிதாகச் சரிசெய்து மறுபடி வெளியிட்டது) என்று இருக்கிறதா பாருங்கள்.

1990களின் நடுவிலிருந்து பாடல்களை முடிந்தவரை சத்தமாக மாஸ்டர் செய்யும் (வெளியிடும் முன் கடைசியாக ஒலியைச் சரிசெய்யும்) போட்டி சூடுபிடித்தது; பழைய ஆல்பங்களின் ரீமாஸ்டர்களும் அதில் சிக்கின. மெல்லிய கிதாரை மேலே தூக்கி, டிரம்ஸ் அடியின் உச்சியை நறுக்கிவிடுவார்கள். அமைதியாக ஆரம்பித்து வெடிக்கும் பாட்டில் அந்த வெடிப்பே காணாமல் போகும். 2008இல் மெட்டாலிகா என்ற ராக் இசைக்குழுவின் 'டெத் மேக்னடிக்' ஆல்பம் வந்தபோது, ஒலியை மறுபடி சரிசெய்து தரச் சொல்லி ரசிகர்களே மனு போட்டார்கள். அதே பாடல்கள் 'கிதார் ஹீரோ' வீடியோ விளையாட்டில் இதைவிட நன்றாக ஒலித்தன!

செயலியில் ஒலியளவைச் சமப்படுத்தும் வசதியைப் போட்டாலும் நறுக்கியது திரும்பி வராது. 1980களில் வந்த பழைய சிடி கிடைத்தால் வாங்கிக் கேளுங்கள். சத்தம் குறைவாகத் தெரியும், வால்யூமைக் கூட்டிக்கொள்ளுங்கள். எல்லா ரீமாஸ்டரும் மோசம் என்று சொல்லமாட்டேன், சிலது அருமை.

அப்புறம், என் கேசட் ஒன்றில் நாடா இழுத்துப்போய் ஒரு பாட்டின் நடுவே குரல் தள்ளாடும். சிடியில் அதே இடம் வரும்போது இன்றும் மனசு அந்தத் தள்ளாட்டத்தைத் தேடுகிறது. அதற்கு என்னிடமும் மருந்து இல்லை.