மாஸ்டர் பதில்கள்: திருகோணமலைக்கு மேலே வந்தவர்

சென்ற இதழில் 1942 ஆம் ஆண்டுத் திருகோணமலைக் குண்டுவீச்சைப் பற்றி ஓரிரு வரி எழுதி, அதற்குத் தலைமை தாங்கி வந்த யப்பானிய விமானி பின்னாளில் கிறிஸ்தவப் பிரசங்கியாகிவிட்டார் என்று போகிறபோக்கில் முடித்திருந்தேன். வினை அங்கேதான் தொடங்கியது. மேசையில் ஒரு கட்டுக் கடிதம். ஆகவே முருங்கைக்காய் விலை, மூட்டுவலி, மருமகள் பற்றிய கேள்விகளுக்கு இந்த மாதம் விடுமுறை.

சி.ந., கொக்குவில்: யார் அந்த விமானி? கதையை முழுதாகச் சொல்லுங்கள் மாஸ்டர்.

மிட்சுவோ ஃபுச்சிடா. 1902 டிசம்பர் 3 ஆம் திகதி நாரா மாகாணத்தில் பிறந்தவர். எட்டாஜிமா கடற்படைக் கல்லூரியில் படித்து, கடற்படையின் விமானப் பிரிவுக்குப் போனவர். 1941 டிசம்பர் 7 காலை ஹவாயிலுள்ள அமெரிக்கக் கடற்படைத் தளமான பேர்ள் துறைமுகத்தைத் தாக்கிய முதல் அலையில் 183 விமானங்கள். அத்தனைக்கும் தலைவர் இவர். "டோரா, டோரா, டோரா" என்று வானொலியில் செய்தி போனது இவருடைய விமானத்திலிருந்துதான். யப்பானிய மொழியில் டோரா என்றால் புலி. எதிரி அயர்ந்திருந்த நேரத்தில் பிடித்துவிட்டோம் என்பதற்கு அது குறிச்சொல்.

ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. அன்று ஃபுச்சிடா விமானத்தை ஓட்டவில்லை. அது மூன்று பேர் செல்லும் விமானம். முன்னிருக்கையில் ஓட்டுபவர், பின்னிருக்கையில் வானொலிக்காரர், நடுவில் இவர். கீழே பார்ப்பதும் கணக்குப் போடுவதும் கட்டளையிடுவதும் நடு இருக்கைக்காரரின் வேலை. எங்கள் ஊர் மினிபஸ்ஸில் சாரதியைவிட நடத்துனருக்கே அதிகாரம் கூட என்பதை அறிந்தவர்களுக்கு இது புதினமில்லை.

1942 பெப்ரவரி 19 இல் அவுஸ்திரேலியாவின் டார்வின். ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு அன்று கொழும்பு. ஏப்ரல் 9 இல் திருகோணமலை. பேர்ள் துறைமுகத்துக்குப் போன ஆறு விமானந்தாங்கிக் கப்பல்களில் ஐந்து இந்து சமுத்திரத்துக்கு வந்திருந்தன. அன்றே மட்டக்களப்புக்கு அப்பால் ஹெர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலும் மூழ்கடிக்கப்பட்டது. பெயர் விமானந்தாங்கி, அந்த நேரத்தில் அதன் மேல்தளத்தில் ஒரு விமானமும் இருக்கவில்லை. முந்நூறுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள்.

என் அம்மாவின் தமையன், நாங்கள் பெரியமாமா என்று அழைப்பவர், அப்போது திருகோணமலைத் துறைமுகத்தில் களஞ்சிய எழுதுவினைஞர். குண்டு விழுந்தபோது சாக்குகளை எண்ணிக்கொண்டிருந்தாராம். எண்ணிக்கை 140 இல் நின்றுபோனது என்பார். லொறியிலும் நடையிலுமாக ஐந்தாம் நாள் கோண்டாவிலுக்கு வந்து சேர்ந்தபோது கையில் இருந்தவை ஒரு குடையும் களஞ்சியத்தின் திறப்புக்கோர்வையும் மட்டுமே. வேலையை விட்டு நெடுங்காலமாகியும் அந்தத் திறப்புகள் எங்கள் வீட்டு விறாந்தைச் சுவரில் ஆணியில் தொங்கின. எடுத்து விளையாடினால் அடி விழும்.

இனி ஃபுச்சிடாவுக்கு வருவோம். இலங்கையைத் தாக்கிவிட்டுப் போய் இரண்டு மாதங்கூட ஆகவில்லை, ஜூன் தொடக்கத்தில் பசிபிக் சமுத்திரத்தில் அமெரிக்கரோடு மிட்வே சண்டை. போகும் வழியில் கப்பலிலேயே குடல்வால் அறுவைச் சிகிச்சை செய்யப்பட்டதால் அவர் பறக்கவில்லை. அவர் இருந்த 'அக்காகி' கப்பல் தீப்பிடித்தபோது கயிற்றில் இறங்கினார். வெடிப்பு ஒன்று தூக்கி எறிந்ததில் இரண்டு கால்களும் முறிந்தன. அதன் பிறகு அவர் அலுவலக அதிகாரி. இலங்கைக்கு வந்த ஐந்து கப்பல்களில் மூன்று மிட்வேயிலும், மற்ற இரண்டு 1944 இலும் கடலுக்கடியில் போய்விட்டன.

போர் முடிந்ததும் பட்டமுமில்லை, கடற்படையுமில்லை. ஊருக்குப் போய் நிலத்தைக் கொத்தினார். 1948 இல் தோக்கியோவின் ஷிபுயா ரயில் நிலையத்தில் ஒருவர் கையில் துண்டுப்பிரசுரம் ஒன்றைத் திணித்தார். எழுதியவர் ஜேக்கப் டிஷேசர் என்ற அமெரிக்கர். 1942 இல் யப்பான்மீது குண்டு போட வந்து பிடிபட்டு, நாற்பது மாதம் சிறையில் வதைபட்டு, அங்கே கிடைத்த வேதாகமத்தைப் படித்து மனம் மாறியவர். ஃபுச்சிடாவும் வேதாகமம் வாங்கிப் படித்தார், கிறிஸ்தவரானார், 1950 இல் டிஷேசரைச் சந்தித்தார். பிறகு அமெரிக்காவெங்கும் பிரசங்கம். 1976 இல் நீரிழிவால் காலமானார். அந்த டிஷேசரோ, தாம் குண்டு போட்ட நகோயா நகரத்துக்கே குடிபோய்த் தேவாலயம் அமைத்தார். என் கண்ணுக்கு இருவரில் பெரியவர் டிஷேசர்தான்.

ஏனென்றால் ஃபுச்சிடா கதை சொல்வதில் கெட்டிக்காரர். மிட்வேயில் இன்னும் ஐந்து நிமிடம் கிடைத்திருந்தால் எங்கள் விமானங்கள் கிளம்பியிருக்கும் என்று எழுதினார். உலகமே பல பத்தாண்டுகள் நம்பியது. யப்பானியக் கப்பல்களின் பதிவேடுகளைப் பிரித்துப் பார்த்தவர்கள் அப்படி இல்லை என்று பின்னர் காட்டிவிட்டார்கள். மனமாற்றத்தை நான் சந்தேகிக்கவில்லை. மனம் மாறியவருக்கு நாக்கும் மாற வேண்டும் என்று கட்டாயமா என்ன?

நான் ஆசிரியராகச் சேர்ந்த புதிதில் ஆங்கிலச் சஞ்சிகை ஒன்றில் இந்தக் கதையைப் படித்துவிட்டுப் பெரியமாமாவிடம் ஓடினேன். வெற்றிலையை மென்றுகொண்டே முழுதையும் கேட்டார். "அமெரிக்காவுக்குப் போய்ச் சொன்னார், சரி. திருகோணமலைக்கு வந்து சொன்னாரா?" என்றார். பிறகு சுண்ணாம்பு எங்கே என்று தேடத் தொடங்கிவிட்டார்.

வ.ம., பருத்தித்துறை: குண்டு போட்ட ஒருவனைப் பற்றி இவ்வளவு அக்கறை ஏன்?

போர் நடந்த தொண்ணூறுகளில் நீங்கள் இங்கே இருந்தீர்களோ தெரியாது. இருந்திருந்தால் உங்கள் பிள்ளையும் விமானத்தின் இரைச்சலை வைத்தே இது அவ்ரோ, இது பொம்மர் என்று சொல்லியிருக்கும். ஜாம் போத்தல் விளக்கில் ஒளித்தெறிப்பு படிப்பித்துக்கொண்டிருக்கும்போது மாணவர்களோடு பங்கருக்குள் குதித்தவன் நான். விமானத்தின் அடிவயிற்றை மட்டுமே பார்த்துப் பழகியவனுக்கு, உள்ளே இருந்தவன் எப்படிப்பட்டவன் என்று அறிய ஆவல் வருவது குற்றமா?

ப.க., உயர்தர மாணவி, சுண்டிக்குளி: ஓடும் கப்பலில் விமானம் எப்படி இறங்குகிறது?

குறிகட்டுவானில் நயினாதீவுப் படகு ஏறியிருக்கிறீர்களா? படகு மேலே வரும்போது காலை வைத்தால் தப்பினீர்கள். கீழே போகும்போது வைத்தால் சேலை நனையும். கடற்படை விமானிக்கும் அதே பாடுதான், வேகம் மட்டும் வேறு.

விமானத்தின் வாலடியில் ஒரு கொளுக்கி. கப்பலின் தளத்தில் குறுக்கே உருக்குக் கம்பிவடங்கள் சில. கொளுக்கி ஒன்றில் மாட்ட வேண்டும். கப்பல் காற்றை எதிர்த்து ஓடுவதால் சார்பு வேகம் குறைகிறது. உங்கள் பாடப்புத்தகத்துக் கணக்கு அப்படியே கடலில் நடக்கிறது. மணிக்கு 240 கிலோமீற்றரில் தொடும் ஜெட் விமானம் 100 மீற்றருக்குள் ஓய்வுக்கு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அமர்முடுகலை, அதாவது வேகம் குறையும் வீதத்தைக் கண்டுபிடியுங்கள். செக்கனின் வர்க்கத்துக்கு 22 மீற்றரைத் தாண்ட வேண்டும், அதாவது புவியீர்ப்பின் இரு மடங்குக்கு மேல். நேரம் மூன்று செக்கன்.

எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்: சக்கரம் தளத்தைத் தொட்டதும் ஜெட் விமானி எஞ்சினைக் குறைப்பதில்லை, முழு விசைக்குக் கூட்டுகிறார். நிற்கப் போகிறவர் ஓடப் பார்ப்பது எதற்கு? கொளுக்கி மாட்டாவிட்டால் திரும்பவும் எழும்பிப் பறக்க வேண்டுமே! அப்படி எழும்ப வழிவிட்டு, தளத்தைச் சற்றுப் பக்கவாட்டுக் கோணத்தில் அமைக்கும் யோசனை பிரித்தானியர்களுடையது. அது வந்தது 1950களில். ஃபுச்சிடாவின் காலத்தில் தளம் நேரானது. பிசகினால் முன்னால் நிறுத்தியிருக்கும் விமானங்களின் மேல்தான் போய் விழ வேண்டும்.

ஓர் இளைப்பாறிய தபாலதிபர், சங்கானை: இலங்கையில் கடற்படை விமானத் தளங்கள் இருந்தனவா?

போர்க்காலத்தில் பிரித்தானியர் வைத்திருந்தார்கள். தரையில் இருந்தாலும் கப்பலுக்கு வைப்பதுபோலப் பெயர் வைப்பது அவர்கள் வழக்கம். சீனக்குடாவுக்கு 'பம்பரா', புத்தளத்துக்கு 'ராஜாலியா', கட்டுக்குருந்தைக்கு 'உக்குஸ்ஸா'. மூன்றும் சிங்களச் சொற்கள்: குளவி, கழுகு, பருந்து. கோயம்புத்தூர்த் தளத்துக்குக் 'கருடா'. புத்தளத்தில் கோர்செயர் சண்டை விமானங்களை யானை கட்டி இழுத்த படங்கள் இருக்கின்றன. இரண்டாயிரம் குதிரைவலு எஞ்சினை ஓர் யானை இழுத்துப் போகிறது.

இ.த., மானிப்பாய்: சந்திரனில் இறங்கிய ஆம்ஸ்ட்ரோங் கடற்படைக்காரரா?

ஆம். இருபது வயதில் கடற்படை விமானியானார். கொரியப் போரில் 78 தடவை பறந்தார். 1951 செப்டெம்பரில் தாழப் பறந்தபோது கம்பிவடம் ஒன்று இறக்கையின் ஒரு துண்டை அறுத்துக்கொண்டு போக, பரசூட்டில் குதித்துத் தப்பினார். சந்திரனுக்குப் போகும்போது அவர் படையில் இல்லை.

பெயர் வேண்டாம், நல்லூர்: மாஸ்டருக்கு விமானியாகும் ஆசை இருந்ததா?

பலாலி முட்கம்பிக்கு வெளியே சைக்கிளைச் சாத்திவிட்டு எயார் சிலோன் டக்கோட்டா விமானம் இறங்குவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். இல்லாமல் இருக்குமா? ஆனால் எனக்கு நிறக்குருடு. ஒரு தடவை கரும்பலகையில் காந்தத்தின் இரு முனைகளையும் ஒரே நிறச் சோக்கால் கீறிவிட்டு வித்தியாசத்தைப் பாருங்கள் என்று வகுப்பிடம் சொன்னவன். இன்றுகூடத் தோட்டத்தில் மிளகாய் ஆய என் மனைவி என்னை அனுப்புவதில்லை.