கல்யாணமானால் தொழில் ஆசை குறையுமா? – கேள்வி பதில்

கேள்வி: திருமணமான பெண்களுக்குத் தொழிலைப் பெரிதாக்கும் ஆசை குறைவு என்கிறார்களே?

பதில்: ஆசையை எப்படி அளந்தார்கள் என்று முதலில் பாருங்கள். 1999 முதல் பல நாடுகளில் தொழில் தொடங்குவோரைப் பற்றி நடக்கும் ஜெம் (Global Entrepreneurship Monitor) ஆய்வு, இன்னும் ஐந்து வருடத்தில் எத்தனை பேருக்கு வேலை கொடுப்பீர்கள் என்று கேட்கிறது. ஆள் சேர்க்காமல் லாபத்தை மட்டும் இரட்டிப்பாக்க நினைப்பவர் அந்தக் கணக்கில் ஆசை இல்லாதவராகிவிடுவார்.

அப்புறம், ‘திருமணமானவர்’ என்ற ஒரே கட்டத்துக்குள் மாதச் சம்பளக் கணவர், கடனில் மூழ்கிய கணவர், கூடவே கல்லாவில் உட்காரும் கணவர் எல்லோரும் அடக்கம். சம்பளம் வரும் வீட்டில் மனைவி துணிந்து முதல் போடலாம். அதே சம்பளத்தால் வளரவேண்டிய அவசரம் இல்லாமலும் போகலாம். கனடாவில் ஜெனிஃபர் கிளிஃப் செய்து 1998-ல் வெளிவந்த ஆய்வில், தொழில் இந்த அளவைத் தாண்ட வேண்டாம் என்று வரம்பு வைத்துக்கொள்வது ஆண்களைவிடப் பெண்களிடம் அதிகம். கைமீறாமல் நடத்த நினைப்பது ஆசைக்குறைவா?

கேள்வி: கல்யாணத்துக்கு முன்பு தொடங்குவது நல்லதா, பின்பா?

பதில்: வாடிக்கையாளர் கிடைத்ததும் தொடங்குங்கள்.

கேள்வி: கணவர் ஒத்துழைத்தால் போதும். சட்டம், வங்கி என்று இழுப்பது பழங்கதை.

பதில்: பழங்கதையா? அமெரிக்காவில் தொழில் கடனுக்கு ஆண் உறவினர் கையெழுத்து கேட்க இடம்கொடுத்த மாநிலச் சட்டங்கள் 1988-ல்தான் ஒழிந்தன. காங்கோ ஜனநாயகக் குடியரசில் மணமான பெண் தொழிலைப் பதிவு செய்யக் கணவர் அனுமதி வேண்டும் என்ற விதி 2016 வரை இருந்தது. கையெழுத்தைக் கையில் வைத்திருப்பவர்தான் வளர்ச்சியைத் தீர்மானிப்பார்.

கேள்வி: நான் சொன்னது மனசு ஒத்துழைப்பை ஐயா.

பதில்: சரி, மனசுக்கே வருவோம். குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் பள்ளியிலிருந்து முதல் போன் யாருக்கு வருகிறது? சரக்கு இறங்கும் நேரத்தில் கிளம்பிப் போவது யார்? “நீ நடத்தும்மா, நான் இருக்கேன்” என்பவர் அப்போது எங்கே இருக்கிறார்? இதைச் சொல்லுங்கள், இரண்டாவது கிளை திறக்குமா என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

கேள்வி: விவாகரத்தானால் தொழிலில் அவருக்குப் பங்கு உண்டா?

பதில்: வக்கீலிடம் கேளுங்கள். அதற்குள் கடன் ஜாமீன் பத்திரம் எதிலும் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

கேள்வி: தனியாக இருப்பவர்தான் வேகமாக வளருவாரா?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள். நேரம் மிஞ்சும், உண்மைதான். விழுந்தால் தாங்க இன்னொரு வருமானம் இருக்காது.

கேள்வி: அப்போ கல்யாணம் செய்யலாமா, வேண்டாமா?

பதில்: ஜாதகக்காரர் அடுத்த அறையில்.