மாடிப்படிக்கு அடியில் முதலமைச்சர்

கேள்வி: "1959க்கு முன்னால் சிங்கப்பூரில் கட்சியும் இல்லை, அரசாங்கமும் இல்லை, வெள்ளைக்காரன் மட்டும்தானே?" என்கிறான் உயர்நிலை மூன்றில் படிக்கும் என் மகன். என்ன சொல்ல? – வாசகி, ஈசூன்

பதில்: பாதி சரி என்று சொல்லுங்கள் அம்மா. 1945 டிசம்பரிலேயே மலாயா ஜனநாயகச் சங்கம் தொடங்கியாயிற்று. ஆனால் 1948இன் முதல் தேர்தலை அது புறக்கணித்தது. அதே ஆண்டு கலைந்தும் போனது. களத்தில் நின்ற ஒரே கட்சி, மூன்று வழக்கறிஞர்கள் தொடங்கிய முன்னேற்றக் கட்சி. சட்டமன்றத்தில் 22 இடம், மக்கள் தேர்ந்தெடுத்தது 6. அதில் பாதி அவர்களுக்கு. வாக்காளர்களோ சுமார் 22,000 பேர்தான். தேர்தல் நடந்ததே பலருக்குத் தெரிந்திருக்காது!

எனக்குப் பிடித்த கதை 1955. இந்த முறை 32 இடத்தில் 25க்குத் தேர்தல். வாக்காளர் பெயரை அரசாங்கமே பதிந்ததால் எண்ணிக்கை சுமார் 3 லட்சமாகிவிட்டது. நாற்காலி தங்களுக்குத்தான் என்றிருந்த முன்னேற்றக் கட்சிக்குக் கிடைத்தது 4. அதன் தலைவர் சி.சி. டானை கேர்ன்ஹில் தொகுதியில் தோற்கடித்தவர் டேவிட் மார்ஷல். அவருடைய தொழிலாளர் முன்னணிக்கு 10. ஐந்து மாதக் குழந்தையான மக்கள் செயல் கட்சிக்கு 3.

முதலமைச்சரானார் மார்ஷல், உட்கார அறை இல்லை. அரசாங்க அலுவலகங்கள் இருந்த எம்ப்ரஸ் பிளேஸில், முன்பு கூட்டம் போட்டுப் பேசிய மரத்தடியிலேயே மேசை போட்டுக்கொள்வேன் என்று அவர் மிரட்டிய பிறகுதான், மாடிப்படிக்கு அடியில் ஒரு சின்ன அறை கொடுத்தார்கள். வெள்ளைக்காரன் அதிகாரத்தை எவ்வளவு மனசோடு கொடுத்தான் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா? உங்கள் மகன் சொன்னதில் சரியான பாதி இதுதான். 1956 ஜூனில் மார்ஷல் விலகினார்.

என் அப்பா ஹார்பர் போர்டில் மூட்டை தூக்கியவர், ஊரிலிருந்து வந்தவர். 1957 குடியுரிமைச் சட்டம் வந்தபின் பதிந்துகொண்டு, 1959 மே 30ஆம் தேதி முதல் ஓட்டுப் போட்டார். அந்தத் தேர்தலில்தான் வாக்களிப்பதைக் கட்டாயமாக்கினார்கள். 51 இடத்தில் 43 மக்கள் செயல் கட்சிக்கு. எனக்கு அப்போது ஒன்பது வயது. கல்யாணத்துக்குப் போகிறவர் மாதிரி வேட்டி சட்டையை இஸ்திரி போட்டுக் கட்டிக்கொண்டு கிளம்பினார். யாருக்குப் போட்டீர்கள் என்று அம்மா மூன்று நாள் கேட்டுப் பார்த்தார். "அது எனக்கும் பெட்டிக்கும்" என்றார் அப்பா. அவ்வளவுதான்.