ஒன்றே முக்கால் ரூபாய்க்குப் பிறகு

அன்புள்ள ஆசிரியருக்கு,
ஆறு இளைஞர்கள் ஒன்றே முக்கால் ரூபாய் கடன் வாங்கித் 'தி ஹிந்து'வைத் தொடங்கினார்கள் என்கிறார்களே, அது நிஜமா, பின்னால் கட்டிய கதையா? அவ்வளவு சின்ன முதலில் ஓர் ஆங்கில நாளிதழை எப்படி நடத்தியிருக்க முடியும்?
– ரா.

அன்புள்ள ரா.,
நிஜம்தான். ஆனால் அந்தக் காசில் வந்தது நாளிதழ் இல்லை, வாரப் பத்திரிகை. 1878 செப்டம்பர் 20 தேதியிட்ட முதல் இதழை, தங்கசாலைத் தெருவில் இருந்த ஸ்ரீநிதி அச்சகத்தில் 80 பிரதி அடித்தார்கள். அதற்கான செலவு அது. திருவையாற்று ஜி. சுப்ரமணிய ஐயரும் எம். வீரராகவாச்சாரியாரும் வாத்தியார்கள். மற்ற நால்வரும் சட்டம் படித்துக்கொண்டிருந்தவர்கள். இந்தியரான டி. முத்துசாமி ஐயரைச் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக்கியதை வெள்ளைக்காரப் பத்திரிகைகள் ஏசின. திருப்பிச் சொல்ல நம்மவர் கையில் ஒரு தாள் இல்லையே என்ற ரோஷத்தில் பிறந்ததுதான் இது.

1883-ல் வாரம் மூன்று முறை வந்தது. மவுண்ட் ரோடில் சொந்த அச்சகமும் அமைந்தது. நாளிதழானது 1889 ஏப்ரலில்தான். அப்போதும் மாலைப் பத்திரிகை.

கடன் கதையை எல்லோரும் சொல்வார்கள். அதன் பிறகு பத்திரிகை கிட்டத்தட்ட மூழ்கிய கதையை யாரும் சொல்வதில்லை, எனக்கு அதுதான் சுவாரசியம். நாளிதழான அதே 1889-ல் சுப்ரமணிய ஐயர், விதவையான தன் மகளுக்கு மறுமணம் செய்துவைத்தார். சமூகச் சீர்திருத்தத்தை எழுத்திலும் விடவில்லை. சர்க்காரைத் திட்டியபோது கைதட்டிய கூட்டம், பேச்சு தன் வீட்டுக்குள் வந்ததும் முகம் சுளித்தது. (இன்றைக்கும் பெரிய மாற்றமில்லை.) அவதூறு வழக்குகளும் கடனும் சேர்ந்துகொள்ள, 1898-ல் கூட்டு முறிந்தது. வீரராகவாச்சாரியார் தனியாக இழுத்துப் பார்த்தார். 1905-ல் விற்பனை சுமார் 800 பிரதி. அந்த நிலையில்தான், பத்திரிகைக்குச் சட்ட ஆலோசகராக இருந்த வக்கீல் கஸ்தூரிரங்க ஐயங்கார் 75,000 ரூபாய் கொடுத்து அதை வாங்கினார். உள்நிலவரம் தெரிந்தவர் போட்ட பணம். நீங்கள் கேட்கும் 'முதல்' என்னைக் கேட்டால் அதுதான்.

வெளியேறிய சுப்ரமணிய ஐயர் சும்மா இருக்கவில்லை. 1882-ல் தான் ஆரம்பித்த 'சுதேசமித்திர'னை 1899-ல் நாளிதழாக்கினார். 1908-ல் ராஜத்துரோகக் குற்றச்சாட்டில் அவர் கைதானது அந்தத் தமிழ்ப் பத்திரிகையில் எழுதியதற்காகத்தான்.