1952 டெலிகாஸ்டரை வீட்டிலேயே செய்யலாமா?

கேள்வி: 1952ஆம் ஆண்டு ஃபெண்டர் டெலிகாஸ்டர் கிட்டாரை அச்சு அசலாக வீட்டில் செய்துபார்க்க ஆசை. தச்சு வேலை ஓரளவு பழக்கம் உண்டு. மரத்தைக் குடையும் ரவுட்டரும் கை ட்ரில்லும் இருக்கின்றன. முழு அளவு வரைபடம் ஒன்றை அச்செடுத்து, மரவாடியில் ஒன்றரை அங்குலப் பலகையும் வாங்கிவிட்டேன். ஆஷ் மரம்தான் வேண்டுமா? நெக்கையும் நானே செய்ய வேண்டுமா? முடித்த பிறகு பழசுபோலத் தெரிய உரசித் தேய்க்கலாமா? — சென்னை வாசகர் ஒருவர்

பதில்:

முதலில் அந்தப் பலகையைத் தனியே எடுத்து வையுங்கள். டெலிகாஸ்டரின் உடல் ஒன்றே முக்கால் அங்குலம், அதாவது 44.5 மி.மீ. கனம். கால் அங்குலம்தானே குறைகிறது என்று தோன்றும். ஆனால் வால்யூம், டோன், மூன்று நிலை சுவிட்ச் மூன்றும் உட்காரும் குழியின் ஆழமே ஒன்றரை அங்குலம். உங்கள் பலகையில் அதைத் தோண்டினால் பின்பக்கம் ஓட்டை விழுந்துவிடும். பின்னால் மூடி வைத்து மறைக்கவும் முடியாது. டெலிகாஸ்டருக்குப் பின்மூடி என்பதே கிடையாது. வாங்கிய பலகை வீணாகாது. நெக், அதாவது கிட்டாரின் கழுத்து, உட்காரும் குழியை அதில் நாலு முறை தோண்டிப் பழகுங்கள். இந்த வேலையில் கை பழக வேண்டிய இடம் அதுதான்.

அடுத்தது வரைபடம். அச்சடிக்கும்போது இயந்திரம் தாளுக்குத் தக்கபடி படத்தைச் சற்றே சுருக்கிவிடும். ஸ்டீல் ஸ்கேலை வைத்து, நெக்கின் தலைப்பக்கம் கம்பிகளைத் தாங்கும் சிறு கட்டையான நட்டிலிருந்து 12ஆவது ஃப்ரெட் (நெக்கில் குறுக்கே பதித்த உலோகக் கீற்று) வரை அளந்து பாருங்கள். 323.85 மி.மீ. இருக்க வேண்டும். அதன் இரு மடங்கான 647.7 மி.மீ., அதாவது இருபத்தைந்தரை அங்குலம், இந்தக் கிட்டாரின் ஸ்கேல், அதாவது நட்டிலிருந்து உடலில் கம்பிகள் அமரும் பிரிட்ஜ்வரை கம்பி அதிரும் நீளம். ஒரு மி.மீ. குறைந்தாலும் அந்தத் தாளை நம்பி வெட்டாதீர்கள்.

நீங்கள் தேர்ந்தெடுத்த கிட்டார் சரியான கிட்டார். இதைச் சொல்ல எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி. கலிபோர்னியாவின் ஃபுல்லர்டனில் லியோ ஃபெண்டர் இதை வடிவமைத்தபோதே, ரவுட்டரும் டெம்ப்ளேட்டும் வைத்து வேகமாகச் செய்யும்படிதான் வடிவமைத்தார். தட்டையான பலகை, நாலு திருகாணியில் பிடிக்கும் நெக், அவ்வளவுதான். அதே 1952இல் வந்த கிப்சன் லெஸ் பாலில் மேல்பக்கம் வளைத்துச் செதுக்கியது. நெக்கைக் கோணம் பார்த்து ஒட்ட வேண்டும். முதல் முயற்சிக்கு அது ஆகாது.

எந்த ஆண்டு என்பதில் தெளிவாக இருங்கள். இதே வடிவம் 1950இல் எஸ்கொயர் என்ற பெயரில் வந்தது, அந்த ஆண்டு இறுதியில் பிராட்காஸ்டர் என்ற பெயரில். தங்கள் டிரம்மின் பெயரோடு மோதுகிறது என்று கிரெட்ஷ் நிறுவனம் ஆட்சேபித்ததால், 1951இல் சில மாதங்கள் ஒட்டுப்படத்தில் மாடல் பெயரையே வெட்டிவிட்டு விற்றார்கள். பிறகுதான் டெலிகாஸ்டர் என்ற பெயர். உங்கள் 1952 மாடலுக்கு உடலின் முகப்பைக் கீறல் படாமல் காக்கும் கறுப்புப் பிக்கார்டு, ஒற்றைக் கீறல் திருகாணிகள், பிரிட்ஜில் கம்பிகளைத் தாங்கும் மூன்று பித்தளைச் சேடில்கள் வேண்டும். நட்சத்திரத் தலைத் திருகாணி போட்டால் விவரம் தெரிந்தவர் முதல் பார்வையிலேயே கண்டுபிடித்துவிடுவார்.

இனி மரம். அசல் உடல் ஸ்வாம்ப் ஆஷ். அமெரிக்காவின் தென்பகுதிச் சதுப்பு நிலங்களில் வளர்வது. மரத்தைத் துளைக்கும் ஒரு வண்டால் அங்கேயே தட்டுப்பாடு வந்து, 2020இல் ஃபெண்டரே வழக்கமான மாடல்களில் ஆஷைக் குறைத்துக்கொண்டது. கிடைத்தால் வாங்குங்கள், கிடைக்காவிட்டால் மனம் தளர வேண்டாம். லியோவின் முதல் மாதிரிக் கிட்டாரின் உடல் பைன் மரம். 1950இல் வந்த தொடக்க கால எஸ்கொயர்களிலும் பைன் உண்டு. நன்றாகக் காய்ந்த, முடிச்சில்லாத பைன் பலகை இந்தக் குடும்பத்துக்கு அந்நியமானதல்ல. தேக்கில் செய்யலாமா என்று பலர் கேட்கிறார்கள். அதில் எண்ணெய்ப் பசை உண்டு, லாக்கர் ஒட்டச் சிரமப்படும். எனக்கு உடன்பாடில்லை.

முதல் கிட்டாருக்கு நெக்கை வாங்கிவிடுங்கள். அசல் நெக் ஒரே மேப்பிள் துண்டு. ஃப்ரெட்களைப் பதிக்கத் தனிப் பலகை கிடையாது. நெக் வளையாமல் பிடிக்கும் இரும்புக் கம்பியான ட்ரஸ் ராடைப் பின்பக்கமாக இறக்கி, அந்தக் காடியை வால்நட் மரக் கீற்றால் மூடியிருப்பார்கள். நெக்கின் முதுகில் ஓடும் அந்தக் கறுத்த கோடு அழகுக்காக வைத்ததல்ல. வளைந்த காடியை வீட்டில் வெட்டுவது இரண்டாவது, மூன்றாவது கிட்டாருக்கான வேலை. வாங்கும்போது 21 ஃப்ரெட், மேல்தள வளைவுக்கு ஏழே கால் அங்குல ரேடியஸ், நட் அகலம் 41.3 மி.மீ., அடிப்பகுதிக் கனம் ஒரு அங்குலம் என்று கேட்டு வாங்குங்கள்.

உடலுக்கு எம்.டி.எஃப். பலகையில் டெம்ப்ளேட் செய்து, விளிம்பை உப்புத்தாளால் மழமழவென்று ஆக்குங்கள். டெம்ப்ளேட்டில் உள்ள ஒவ்வொரு மேடு பள்ளமும் மரத்தில் அப்படியே இறங்கும். நெக் குழியின் ஆழம் 15.9 மி.மீ. அப்போதுதான் நெக்கின் மேல்தளம் உடலிலிருந்து ஒன்பதரை மி.மீ. உயர்ந்து நிற்கும், பிரிட்ஜின் உயரத்துக்கும் பொருந்தும். திருகாணி இல்லாமல் நெக்கைச் செருகி மெதுவாகத் தூக்கினால், உடலும் கூடவே எழுந்து வர வேண்டும். அதே சமயம் லாக்கரின் கனத்துக்கு நூலிழை இடம் விடுங்கள். உடலில் போடும் நாலு துளையிலும் திருகாணி தடையின்றி நுழைய வேண்டும், நெக்கில் மட்டுமே மரை பிடிக்க வேண்டும். மேப்பிள் கெட்டி மரம் என்பதால், திருகாணியில் கொஞ்சம் சோப்பைத் தேய்க்காமல் முறுக்கினால் தலை முறிந்துவிடும்.

நெக்கைப் பொருத்தும்வரை பிரிட்ஜுக்கு ஒரு துளைகூடப் போடாதீர்கள். வரைபடத்தில் இடம் குறித்திருக்கிறதே என்று முதலிலேயே துளை போடுபவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். நெக்கைக் கிளாம்பில் பிடித்து, நட்டின் இரண்டு ஓரக் காடிகளிலிருந்தும் தையல் நூலைப் பிரிட்ஜ்வரை இழுத்துக் கட்டுங்கள். இரண்டு நூலும் நெக்கின் ஓரத்திலிருந்து ஒரே தூரத்தில் ஓடும்வரை பிரிட்ஜை இடவலமாக நகர்த்துங்கள். பிறகு முன்பின். முதல் கம்பியின் சேடில் கிட்டத்தட்ட 647.7 மி.மீ. கோட்டில் நிற்க, ஆறாவது கம்பிக்கு இன்னும் இரண்டு மூன்று மி.மீ. பின்னால் போக இடம் இருக்க வேண்டும். இதற்கு ஒரு மாலை முழுக்கப் போனாலும் போகட்டும்.

கம்பிகள் உடலின் ஊடே பின்பக்கம் போகும் ஆறு துளைகளைக் கை ட்ரில்லில் போடாதீர்கள். ட்ரில் பிட் இழையோடு சாய்ந்து, பின்பக்கம் வரிசை பல்வரிசைபோலக் கோணிக்கொள்ளும். பக்கத்தில் பில்லர் ட்ரில் வைத்திருக்கும் பட்டறை ஒன்றில் அரை மணி நேரம் கேட்டு முடித்துக்கொள்ளுங்கள்.

கம்பியின் அதிர்வை மின் சைகையாக மாற்றும் பிக்கப்பை வாங்கும்போது, பிரிட்ஜ் பிக்கப்பின் அடியில் செம்பு முலாம் பூசிய இரும்புத் தகடு இருக்கிறதா என்று பாருங்கள். டெலிகாஸ்டரின் அந்தக் கணீர் ஒலியில் அதற்கும், பிக்கப்பைத் தாங்கும் இரும்பு பிரிட்ஜுக்கும் பங்கு உண்டு. வால்யூம், டோன் திருகிகளுக்கான பொட்டென்ஷியோமீட்டர் 250கே (250 கிலோ ஓம்). வால்யூமுக்கு லாக் (லாகரிதமிக்) வகையாகக் கேளுங்கள். சாதாரண லீனியர் வாங்கிவிட்டால் ஒலி சீராக ஏறாது. வயரிங்கில் இன்றைய டெலிகாஸ்டர் படத்தைப் பார்த்துச் செய்துவிடாதீர்கள். இன்று நடு நிலையில் இரண்டு பிக்கப்பும் சேர்ந்து ஒலிக்கும். 1952இல் வந்து 1967வரை இருந்த வயரிங்கில் அப்படியொரு நிலையே இல்லை. பின்னால் தள்ளினால் பிரிட்ஜ் பிக்கப், நடுவில் நெக் பிக்கப், முன்னால் அதே நெக் பிக்கப் தனிக் கெப்பாசிட்டர் வழியாக, மேல் ஸ்தாயி வெட்டுப்பட்டு மந்தமாக. அந்த மூன்றாவது ஒலி பலருக்குப் பிடிக்காது. பிடிக்காவிட்டாலும் அப்படியே வையுங்கள். அச்சு அசல் என்று நீங்கள் கேட்டதற்கு வெளிப்பூச்சைவிட இதுதான் சான்று.

பூச்சு நைட்ரோ செல்லுலோஸ் லாக்கர். நம் ஊர்ப் பாலிஷ்காரர்கள் என்.சி. லாக்கர் என்று சொல்லும் அதே வகைதான். ஆஷ் என்றால் இழைக்குழிகளை ஃபில்லரால் அடைத்து, சாண்டிங் சீலர் அடித்து, பிறகு மெல்லிய பூச்சுகள். பைனுக்கு ஃபில்லர் வேண்டாம். என் முதல் உடலுக்கு ஐப்பசி மழையில் லாக்கர் அடித்தேன். கண்ணெதிரே வெள்ளை வெள்ளையாகப் பூத்துப்போனது. தின்னர் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் பூச்சுக்குள் மாட்டிக்கொள்வதால் வரும் கோளாறு அது. காய்ந்த நாளில் மெதுவாக ஆவியாகும் ரிட்டார்டர் தின்னரை லேசாகத் தெளித்ததும் தெளிந்துவிட்டது. சென்னையில் இருக்கும் நீங்கள் மாசி, பங்குனியில் காலை வெயில் ஏறிய பிறகு அடியுங்கள். மொட்டைமாடியில், ரசாயன வடிகட்டி உள்ள முகக்கவசத்தோடு, அடுப்போ மின்பொறியோ அருகில் இல்லாமல். இந்த ஆவி சட்டென்று பற்றிக்கொள்ளும்.

உரசித் தேய்ப்பதைப் பற்றி: வேண்டாம். படங்களில் நீங்கள் காணும் தேன் நிறத்தில் ஒரு பங்கு, லாக்கர் வயதாகி மஞ்சளித்ததால் வந்தது. கை படும் இடத்தில் தேய்ந்ததும் எழுபது ஆண்டு வாசிப்பால் வந்தது. 1952இல் கடையில் தொங்கிய டெலிகாஸ்டர் பளபளவென்று புதிதாகத்தான் இருந்தது. பூச்சை மெல்லிசாக அடித்துத் தினமும் வாசியுங்கள், அது தானே தேயும்.

தலையில் ஃபெண்டர் ஒட்டுப்படமும், பிரிட்ஜில் அந்தக் காலத்து வரிசை எண்ணும் போடாதீர்கள். உங்களிடம் இருக்கும்வரை அது தெரிந்தே செய்த நகல். உங்களுக்குப் பின் யார் கைக்குப் போகுமோ, அங்கே யாரோ ஒருவர் அதை அசல் என்று நம்பிப் பெரும்பணம் கொடுத்து ஏமாறுவார். ஃபுல்லர்டன் தொழிற்சாலையில் நெக்குகளைச் செதுக்கிய டாடியோ கோமெஸ், நெக்கின் அடிப்பகுதியில் தன் பெயரின் முதலெழுத்துகளான டி.ஜி.யையும் தேதியையும் பென்சிலால் எழுதிவைத்தார். நெக் உடலுக்குள் மறையும் அதே இடத்தில் உங்கள் பெயரையும் தேதியையும் எழுதுங்கள். பென்சிலாலேயே எழுதுங்கள், பேனா மை லாக்கர் பட்டால் கசிந்துவிடும்.